ஒடுக்கத்துப் புதனும் ஒரு கப்பலும்

காதர் மைதீனைத் துறைமுகக் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள் என்ற செய்தி சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்கு வந்தபோது யாரும் நம்பவில்லை. மாட்டுக் கொட்டகைக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். டன்லப் தெருப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்தவர்கள், அது வேறு எவனோ ஒரு காதர் மைதீனாக இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் அது இதே காதர் மைதீன்தான். நாகூர்க்காரர். மீசை முளைக்காத வயதில் கப்பலேறி வந்து தொங்கானில் துடுப்பு வலித்தவர். தொங்கான் என்பது கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கு சுமக்கும் வயிறு பெருத்த பாய்மரப் படகு. இப்போது ஆற்று முகத்தில் நிற்கும் தமிழ்த் தொங்கான்களில் பாதி இவர் சொல்லுக்கு ஓடும். மற்றப் பாதி, இவர் மனைவி ரபியாவின் அண்ணன் சாகுல் ஹமீதின் சொல்லுக்கு ஓடும். மச்சான்கள் இருவரும் ஒரே தட்டில் சோறு தின்பார்கள், ஒரே கப்பலின் சரக்குக்குச் சண்டையும் போடுவார்கள். இரண்டுமே மனசாரத்தான்.

கமிட்டி என்ற ஒன்று எதற்குப் பிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருடம் 1909. கப்பல்கள் ஒட்டி நிற்கும் டாக்கை ஒரு கம்பெனியிடமிருந்து அரசாங்கமே வாங்கிக்கொண்டு சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சுமத்ராவின் வடமுனையில் சபாங் என்ற தீவில் டச்சுக்காரர்கள் ஒரு துறைமுகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கரி மலிவு, தண்ணீர் மலிவு, காத்திருக்கவே வேண்டாம் என்று கப்பல்களைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயோ ஒரு கப்பல் வந்தால் கரிக்காரர் ஒரு பக்கம் இழுப்பார், தொங்கான்காரர் ஒரு பக்கம் இழுப்பார், சரக்குக் கிட்டங்கிக்காரர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போயிருப்பார். கப்பல் சும்மா நிற்கும். சும்மா நிற்கிற கப்பலைப் போல வயிற்றெரிச்சல் தருவது கப்பல் முதலாளிக்கு வேறொன்றும் இல்லை. ஐரோப்பாவில் புதிதாகத் தொடங்கிய ஒரு கப்பல் கம்பெனி, மாதாமாதம் சீனாவுக்கு விடப்போகும் கப்பல்களை வழியில் எங்கே நிறுத்துவது, சிங்கப்பூரிலா சபாங்கிலா என்று யோசித்தது. சோதனைக்கு ஒரு கப்பலை அனுப்புவதாக எழுதியது. மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை விடியலில் வரும், வியாழன் விடியலில் போகும். அதற்குள் கரியும் சரக்கும் ஏறியிருந்தால் இங்கே, இல்லாவிட்டால் அங்கே.

அரசாங்கம் முதல்முறையாக எல்லாரையும் கூப்பிட்டு ஒரு மேசையில் உட்கார வைத்தது. தலைமாட்டில் துறைமுக அதிகாரி கேப்டன் லோரிமர். ஒரு பக்கம் கரிக் குத்தகை எடுத்த சீன முதலாளி ஆ செங் தவுக்கே. எதிரே ஆற்றங்கரைக் கிட்டங்கிகள் பாதியை வைத்திருக்கும் டங்கன் துரை. கடைசி நாற்காலியில் காதர் மைதீன். இவர்கள் பேசுவதை ஒருவருக்கொருவர் புரியவைக்கக் கமிட்டிக் காரியதரிசி பேரின்பநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டும் தலைப்பாகையுமாக நடுவில் நின்றார்.

முதல் நாள் காதர் மைதீன் அந்த அறைக்குள் நுழைந்தார். சுவர் முழுக்கத் துறைமுகத்தின் வரைபடம். கடலின் ஆழம் இடத்துக்கு இடம் எழுதியிருந்தது. தான் இத்தனை வருடம் குருட்டாம்போக்கில் ஓடிய வழியெல்லாம் அதில் ஒரு விரல் நீளத்துக்குள் அடங்கிக் கிடப்பதைப் பார்த்தார். இவ்வளவு பெரிய விஷயத்துக்குள்ளேயா நாம் இருந்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

டங்கன் துரை ஒளிவு மறைவில்லாமல் பேசினார். தொங்கான்காரர்களை நம்ப முடியாது, நினைத்தால் வருவார்கள், நினைத்தால் வரமாட்டார்கள், பேசாமல் இரும்புப் படகுகளை வாங்கி லாஞ்சு என்ற நீராவிப் படகில் கட்டி இழுத்துவிடலாம் என்றார். பேரின்பநாயகம் அதை மொழிபெயர்க்கும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

காதர் மைதீன் எழுந்து நின்றார். "புதன்கிழமை பகல் முழுக்க எங்க தொங்கானுங்க சரக்கு ஏத்தும். என் ஆளும் வருவான், என் மச்சான் ஆளும் வருவான். இது என் வார்த்தை" என்றார்.

கேப்டன் டங்கன் துரையைப் பார்த்தார். பிறகு, இந்த ஒரு கப்பல், அதில் சொன்னதைச் செய்தால் தொங்கான்கள் இருக்கட்டும், செய்யாவிட்டால் இரும்புப் படகு என்று முடித்துவிட்டார். பகலில் சரக்கு, இரவில் கரி என்று திட்டம் எழுதப்பட்டது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது, கரித்தூள் பறந்து சரக்கைக் கெடுத்துவிடும். ஆக அந்தப் புதன்கிழமையின் மேல்தான் தமிழ்த் தொங்கான்காரர்கள் அத்தனை பேரின் பிழைப்பும் ஏறி உட்கார்ந்தது.

கப்பல் வரும் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரபியா சொன்னாள், "மாவிலை பறிக்க யாரையாச்சும் அனுப்புங்க. நல்ல அகல இலையா வேணும்."

"மாவிலை எதுக்கு? கப்பலுக்குத் தோரணம் கட்டப்போறியா?"

"இவரப் பாரு! ஸஃபர் மாசம் முடியப்போவுதுங்க. வர்ற புதன் ஒடுக்கத்துப் புதன்ல?"

காதர் மைதீன் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

பிறைக் கணக்கில் வரும் ஸஃபர் மாதத்தின் கடைசிப் புதனைத்தான் ஒடுக்கத்துப் புதன் என்பார்கள். அன்றைக்குத்தான் வருடத்தின் முஸீபத்து, அதாவது கெடுதலெல்லாம் இறங்கும் என்று அந்தக் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. மாவிலையில் ஓதி எழுதிக் கழுவிய தண்ணீரைக் குடிப்பார்கள். குடும்பத்தோடு கடலுக்குப் போய்க் குளிப்பார்கள். அன்று புதுக் காரியம் எதையும் தொடமாட்டார்கள். தொங்கான்காரன் சரக்கு ஏற்றவே மாட்டான், தலையே போனாலும் மாட்டான். கடலில் குளிக்கப் போக வரப் பாய் விரிப்பது ஒன்றுதான் விதிவிலக்கு, மற்றபடி காதர் மைதீனே அன்று கயிற்றைத் தொட்டதில்லை. பிறையைப் பார்த்து மாதம் எண்ணி வளர்ந்த மனுஷன், கமிட்டி அறைச் சுவரில் தொங்கிய இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்து வார்த்தை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்!

"ரெண்டு மாசமா அந்தத் துரைங்களோட உக்காந்து உக்காந்து, பிறை எங்க இருக்குன்னே மறந்துபோச்சு எனக்கு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ரபியா அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. மறந்தது உண்மைதானே என்று முகத்தை வைத்துக்கொண்டு போனாள்.

சாகுல் ஹமீது ஆற்றங்கரையில் பாய் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஊசியை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"மச்சான், நாற்காலில உக்காந்தா ஆளு பெரிய மனுஷனாயிடுவான்னு தெரியும். காஃபராயிடுவான்னு தெரியாதுல்ல எனக்கு."

"வெளையாடாதீங்க மச்சான். கப்பல் போயிட்டா இரும்புப் படகு வந்துடும். உங்க புள்ளைங்களும் சேர்ந்துதான் நிக்கும் தெருவுல."

சாகுல் ஹமீதின் சிரிப்பு நின்றது. அவர் விளையாட்டுக்காரர், ஆனால் முரடரில்லை. ஊசியைப் பாயில் குத்திவைத்தார். "புதனு, சூரியன் சாயுற மஹ்ரிபோட முடியுது. பாங்கு சொல்லித் தொழுதுட்டா அப்புறம் வியாழன் கணக்கு. அதுக்கப்புறம் என் ஆளுங்க ராத்திரி முழுக்க மூட்டை தூக்குவாங்க, அதுக்கு நான் பொறுப்பு. அதுக்கு முன்னாடி கயித்துல கைவைக்கச் சொல்லாதீங்க. நானே சொல்ல மாட்டேன். அன்னைக்குப் பகல்ல குடும்பத்தோட கத்தோங் கடலுக்குக் குளிக்கப் போறோம், சொல்லிட்டேன்."

அதாவது, திட்டத்தையே தலைகீழாகத் திருப்ப வேண்டும். பகலில் கரி, இரவில் சரக்கு. அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்ன வார்த்தையை முதல் கப்பலிலேயே மாற்றச் சொல்கிறவனை டங்கன் துரை என்ன சொல்வார்?

மறுநாள் கமிட்டி கூடியது. பேரின்பநாயகத்தைக் கதவருகிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காதர் நானா, இதை நான் துரைக்கு எப்படிச் சொல்லுறது? உள்ளபடி சொல்லட்டோ, இல்லாட்டிக் கொஞ்சம் சுத்தி வளைச்சுச் சொல்லட்டோ? ஆக்களுக்குக் காய்ச்சல் எண்டும் சொல்லலாம்."

"உள்ளத உள்ளபடியே சொல்லுங்க. பொய் சொல்லி இந்த மேசையில உக்கார எனக்கு வேணாம்."

பேரின்பநாயகம் சொன்னார். மாதத்தைச் சொன்னார், நாளைச் சொன்னார், மாவிலையைக்கூட விடவில்லை. டங்கன் துரை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்ற முகத்தோடு கூரையைப் பார்த்தார்.

முதலில் பேசியது ஆ செங் தவுக்கே. மலாயில், நேராகக் காதர் மைதீனிடம் பேசினார். "உங்களுக்கும் இப்படி நாள் இருக்கா? எங்களுக்கு ஏழாம் மாசம் இருக்கே! பேய்களுக்குப் படையல் போடுற நாள்ல என் கூலிக்காரன் ஒருத்தன் கூடையைத் தொடட்டும் பார்க்கலாம். அப்படி ஒரு நாள்ல கப்பல் வராததுக்கு நான் சாமியைத்தான் கும்பிட்டுக்கணும்லா." பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு கணக்குப் போட்டார். "பகல் வெயில்ல கரி சுமந்தா ஆளுங்க சுருண்டு விழுவாங்க. மேலே நிழலுக்குப் பாய் கட்டி, தண்ணியும் தந்தா என் ஆளுங்களைப் பகல்ல இறக்குறேன்."

எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் மேசையில் இருந்த கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்தபடி ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கும் முன் பேரின்பநாயகத்துக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

"துரை சொல்லுறார், இந்த அட்டவணை கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எழுதினது. அந்த ஏற்ற இறக்கம் நிலவைப் பார்த்து வாறது. நீங்களும் நிலவைப் பார்த்துத்தான் நாள் வைக்கிறியள். அப்ப இந்த அறையில இங்கிலீஷ் காலண்டர் பார்க்கிற ஆக்கள்தான் தோணியோட்டத் தெரியாத ஆக்களாம்."

காதர் மைதீன், வெட்கப்பட்டுத் தலைகுனிய வேண்டும் என்று தயாராக வந்திருந்தார். தலைகுனிய யாரும் விடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி ஓயாத விஷயம். ஆளுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். புதன் கணக்கு தொடங்கும் முன், அதாவது செவ்வாய்க்கிழமை சூரியன் மறைவதற்குள் தொங்கான்களில் சரக்கை ஏற்றிவிட வேண்டுமென்றால், கப்பல் வராமலே கிட்டங்கியிலிருந்து சரக்கை வெளியே விட வேண்டும். டங்கன் துரையின் மிளகும் தகரமும் பிரம்பும் கொப்பரையும் ஆளில்லாத படகுகளில் கடலில் ஒரு பகலும் ஒரு இரவும் மிதக்க வேண்டும். துரை முகம் சிவந்தார். வாதாடினார். காவலுக்குத் துறைமுகப் போலீஸ் படகு முழுநேரமும் நிற்கும் என்று கேப்டன் சொன்ன பிறகு, பெருமூச்சு விட்டுச் சாவியைக் கொடுக்கச் சம்மதித்தார். இருட்டிய பிறகு சரக்கு ஏற்றக் கூடாது என்ற விதியை அந்த ஒரு இரவுக்குத் தளர்த்திக் கேப்டன் கையெழுத்துப் போட்டார். டாக்கின் மின்விளக்குகளைக் கப்பலின் கடல் பக்கமாகத் திருப்பச் சொன்னார்.

செவ்வாய் சாயங்காலம் தொங்கான்கள் சரக்கோடு டாக்குக்கு எதிரே நங்கூரம் போட்டன. ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள். சரக்கு நிறைந்த படகுகள் வரிசையாக, ஒரு மனுஷ ஜீவன் இல்லாமல், சுற்றிச் சுற்றி வரும் ஒரு போலீஸ் படகை நம்பி நின்றன. காதர் மைதீன் அதைப் பார்த்துக்கொண்டு கரையில் வெகுநேரம் நின்றார். இதற்கு முன் எவன் சரக்கையும் எவனும் இப்படி நம்பி விட்டதை அவர் பார்த்ததில்லை.

புதன் விடியலில் கப்பல் வந்தது. பொய் சொல்லக் கூடாது, அது கப்பலா கோட்டையா என்று சந்தேகம் வந்தது. அது டாக்கில் ஒட்டி நின்றதும் ஆ செங்கின் ஆட்கள் பாய் நிழலுக்குக் கீழே கூடைகளோடு பலகையில் ஏறி இறங்கத் தொடங்கினார்கள். கறுத்த வரிசை ஒன்று ஏறிக்கொண்டே இருந்தது, ஒன்று இறங்கிக்கொண்டே இருந்தது. கப்பல் கம்பெனி ஏஜண்ட் கையில் கடிகாரத்தோடு மேல்தட்டில் நின்றார். எதிரே ஆளில்லாமல் மிதக்கும் படகுகளைப் பார்த்து, அவை எப்போது அசையும் என்று கேட்டார். சூரியன் விழுந்ததும் என்றார் கேப்டன். ஏஜண்ட் நம்பியதாகத் தெரியவில்லை.

காதர் மைதீன் விடியலிலேயே மாவிலைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருந்தார். டாக்குப் படியில் இறங்கி மூன்று முங்கு முங்கி எழுந்தார். ஒடுக்கத்துப் புதன் குளியல் அவருக்கு அவ்வளவுதான் கிடைத்தது. ரபியாவும் சாகுல் ஹமீதும் மற்றக் குடும்பங்களும் காலியாக இருந்த சில தொங்கான்களில் ஏறி, பாட்டும் கும்மாளமுமாகக் கத்தோங்குக்குப் போய்விட்டார்கள்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் காற்று நின்றுவிட்டது.

லேசாகக் குறையவில்லை, அடியோடு நின்றுவிட்டது. கொடிக்கம்பத்தில் கொடி துணிபோலத் தொங்கியது. கிழக்கே கடல் எண்ணெய் தடவியதுபோலக் கிடந்தது. ஒரு பாய்கூட இல்லை. கரி ஏற்றுவது முடியப்போகிறது, கப்பலைக் கழுவத் தொடங்கிவிட்டார்கள், ஆட்களோ கத்தோங்குக்கும் டாக்குக்கும் நடுவில் எங்கேயோ அசையாமல் நிற்கிறார்கள். சாகுல் ஹமீது துடுப்புப் போடமாட்டார் என்று இவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது தடவை கேப்டனிடம் போய்க் கேட்கும் துணிவு எங்கிருந்து வந்ததோ, ஓடினார்.

"லாஞ்சு வேணும் துரை. எங்க ஆளுங்க கடல்ல நிக்கிறாங்க, காத்து இல்ல" என்று தமிழும் மலாயும் கலந்து சொன்னார். மொழிபெயர்க்கப் பேரின்பநாயகம் பக்கத்தில் இல்லை. கேப்டன் கொடிக்கம்பத்தை ஒரு பார்வை பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது. துறைமுக லாஞ்சு புகையைக் கக்கியது. ஆ செங் தன் கரி லாஞ்சை அவிழ்க்கச் சொன்னார். மூன்றாவதாக ஒரு லாஞ்சு ஊதிக்கொண்டு வந்தது. அது டங்கன் துரையுடையது. துரையே அதில் நின்றார். தன் மிளகு மிதந்துகொண்டிருப்பதாலும் இருக்கலாம். எதனால் என்றாலும் வந்தார்.

காதர் மைதீன் கேப்டனோடு முதல் லாஞ்சில் ஏறிக்கொண்டார். தஞ்சோங் ரூ முனையைத் தாண்டியதும் தெரிந்தார்கள். பாய்கள் தொங்க, ஈரத் தலைமயிரும் ஈரச் சேலையுமாகப் பெண்கள், அவர்கள் மடியில் தூங்கிவிட்ட குழந்தைகள், படகு மூக்கிலுள்ள முன்னணியத்தில் சாகுல் ஹமீது. லாஞ்சிலிருந்து கயிறு வீசினார்கள். கயிறு தொங்கானில் விழுந்து அப்படியே கிடந்தது.

"மஹ்ரிபு வரைக்கும் நாங்க முடிச்சுப் போடமாட்டோம் மச்சான்!" என்று சாகுல் ஹமீது கத்தினார். "இழுக்கிறவங்களே கட்டிக்கட்டும்!"

டங்கன் துரையின் லாஞ்சு இஞ்சினியர், கை முழுக்க எண்ணெய் பூசிய ஒரு ஸ்காட்லாந்துக்காரர், தொங்கானுக்குத் தாவிக் கயிற்றைத் தன் கையாலேயே கட்டினார். கட்டிவிட்டு அங்கிருந்த ஒரு குழந்தையின் கன்னத்தில் எண்ணெய்க் கையால் தட்டிவிட்டுப் போனார். ரபியா அந்தக் கறையை முந்தானையால் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மூன்று லாஞ்சுகள் மூன்று வரிசைத் தொங்கான்களை இழுத்துக்கொண்டு மேற்கே திரும்பின. சூரியன் டாக்குக் கிடங்குகளின் பின்னால் இறங்கியது. அந்த நேரத்தில் சாகுல் ஹமீது முன்னணியத்தில் எழுந்து நின்று, காதில் கை வைத்துப் பாங்கு சொன்னார். காற்றில்லாத கடலில் அந்தக் குரல் எவ்வளவு தூரம் போயிற்று! கேப்டன் கையை உயர்த்தினார். லாஞ்சுகள் இஞ்சினைத் தணித்தன. கயிறுகள் தளர்ந்து தண்ணீரில் படிந்தன. அசையும் பலகைகளின் மேல் ஆண்கள் வரிசையாக நின்று தொழுதார்கள். அரசாங்கக் கொடி கட்டிய லாஞ்சு, ஒரு வார்த்தை பேசாமல், தொழுகை முடியக் காத்திருந்தது.

லாஞ்சுத் தட்டில் தனியாகத் தொழுது ஸலாம் கொடுத்து முகத்தைத் திருப்பிய காதர் மைதீன் தன் கண்ணில் தண்ணீர் இருப்பதை அப்போதுதான் உணர்ந்தார். பயமில்லை, துக்கமில்லை. பெரிய மலையின் அடியில் நின்று மேலே பார்க்கும்போது வருவது போன்ற ஒன்று. ராஜ்யம் என்றால் வரி வாங்குவது, சட்டம் போடுவது, தடி எடுப்பது என்று மட்டுமே நினைத்திருந்த மனுஷன் அவர். அது ஒரு பாங்குக்காக இஞ்சினைத் தணிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதற்குப் பிறகு பேச்சில்லை, வேலைதான். ஆட்கள் சரக்குத் தொங்கான்களுக்குத் தாவினார்கள். குடும்பங்களை இறக்கிவிட நேரமில்லாததால் பெண்களும் பிள்ளைகளும் டாக்குப் படியோரக் காலித் தொங்கான்களிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நங்கூரங்கள் ஒன்றாக எழுந்தன. டாக்கின் விளக்குகள் திடீரென்று எரிந்தபோது பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். வெள்ளை வெளிச்சத்தில் கப்பலின் சுவர் வானம் வரைக்கும் போயிற்று. அதன் அடியில் தொங்கான்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடிக்காமல், முண்டாமல், கமிட்டி எழுதிய வரிசையில் வந்து நின்றன. சாகுல் ஹமீதின் படகுக்குப் பின்னால் காதர் மைதீனின் படகு, அதற்குப் பின்னால் சாகுல் ஹமீதின் படகு. மச்சான்களின் ஆட்கள் ஒரே தூக்குக்கு ஒரே பாட்டுப் பாடினார்கள். இத்தனை வருடம் முட்டி மோதிய இடத்தில் இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறதே என்று காதர் மைதீன் மனசுக்குள் அல்லாவைப் புகழ்ந்தார்.

விடியலில் சுபுஹுக்குப் பாங்கு சொல்லும்போது கடைசிப் பிரம்புக் கட்டு கப்பலுக்குள் இறங்கியது. கப்பலின் வயிற்றுக் கதவுகள் மூடும் சத்தம் டாக்கு முழுக்கக் கேட்டது. ஆ செங் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். அவரை எழுப்பி அழைத்துக்கொண்டு நால்வரும் கப்பல் ஏணியின் அடிக்குப் போனார்கள். ஏஜண்ட் இறங்கி வந்தார். கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டார். பேரின்பநாயகம் எங்கிருந்தோ ஓடிவந்து மூச்சிரைக்க மொழிபெயர்த்தார்.

"சபாங்குக்கு எழுதப் போறதில்லையாம். மாதம் ஒரு கப்பல் இங்கதான் நிக்குமாம். அடுத்த கப்பல் ஏப்ரல் மாதம், இருபத்தோராந் தேதி வாறதுக்குச் சம்மதமோ எண்டு கேக்கிறார்."

கேப்டன் உடனே தலையாட்டவில்லை. டங்கன் துரையும் ஆட்டவில்லை. கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்த ஆ செங்கும் ஆட்டவில்லை. மூவரும் திரும்பிக் காதர் மைதீனைப் பார்த்தார்கள். ஏஜண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்காக நிற்கிறோம் என்று கேட்க வாயெடுத்தவரைக் கேப்டன் கையமர்த்தினார்.

காதர் மைதீன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். கிழக்கே விடியல் வெளுப்பில் தேய்பிறை ஒரு நகத்தளவுக்குத் தொங்கியது. விரல் கணுக்களில் கட்டைவிரலை வைத்து நாள்களை எண்ணத் தொடங்கினார். ஸஃபர் முடிந்து, ரபீஉல் அவ்வல் வந்து, அதில் மவ்லிது நாள்கள் போய், மெதுவாக, ஒரு கணுவையும் விடாமல் எண்ணினார். அவ்வளவு பெரிய கப்பல் புகையைக் கக்கிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தது.

எண்ணி முடித்துக் கையை இறக்கினார்.

"வரலாம்" என்றார்.